எதிர்பாராத சொத்தும் ஒரு நிகாஹும்

வறுமையில் வளர்ந்த பெண்ணொருத்திக்குத் திடீரென்று பெருஞ்சொத்து வந்து சேருகிறது. கண்டறியாத உறவினர் எவரோ இறந்துபோக, அந்தச் செய்தியோடு யாரோ ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார். அதன் பிறகு அவளைச் சுற்றி மாப்பிள்ளைமார் மொய்க்கின்றனர். அவர்களில் அவளை விரும்புகிறவன் யார், அவளது சொத்தை விரும்புகிறவன் யார் என்று கண்டுபிடிப்பதுதான் மீதிக் கதை. சிரிப்பும் குழப்பமுமாக நடந்து எல்லாம் நலமாக முடியும்.

இந்தக் கதையை எத்தனை நாட்டில் எத்தனை விதமாகச் சொன்னாலும் மக்களுக்கு அலுப்பதில்லை. நான் பறாயிழ் எனும் வாரிசுரிமைப் பாடம் நடத்தும் மேல் வகுப்பு மாணவிகள், பாடத்துக்கு நடுவே இப்படி ஒரு ஆங்கிலப் படக் கதையைச் சொன்னார்கள். 2001இல் வெளிவந்த ‘பிரின்ஸஸ் டயரீஸ்’ என்பது அதன் பெயர். அமெரிக்காவில் தாயோடு சாதாரணமாக வாழும் 15 வயதுச் சிறுமிக்கு, அவளுடைய தந்தை ஜெனோவியா என்ற (கற்பனை) நாட்டின் இளவரசராக இருந்தார் என்பதும், அவர் இறந்துவிட்டதால் அடுத்த வாரிசு தானே என்பதும் பாட்டியார் வந்து சொன்ன பிறகுதான் தெரிய வருகிறதாம்.

2004இல் வந்த இரண்டாம் பாகத்தின் கதைதான் என்னை யோசிக்க வைத்தது. சிறுமி பெரியவளாகி அரியணை ஏறும் காலம் வருகிறது. ஆனால் மணமாகாத பெண் அரசியாக முடியாது என்று அந்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 30 நாட்களுக்குள் திருமணம் முடிக்காவிட்டால் உரிமை வேறொருவனுக்குப் போய்விடும். ஓடி ஓடி மாப்பிள்ளை தேடுகிறார்கள். கடைசியில் கல்யாண நாளன்று அவள், ‘ஆணுக்கு இல்லாத நிபந்தனை எனக்கு மட்டும் ஏன்?’ என்ற கேள்வியை எழுப்புகிறாள். சட்டம் மாற்றப்படுகிறது.

மாணவிகளுக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. நான் அவர்களிடம், “அந்தச் சட்டத்தை மாற்றுவதற்கு அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்களே, உங்களுக்கு அப்படி ஒரு நிபந்தனை 1400 ஆண்டுகளாக இல்லை என்பது தெரியுமா?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பாடத்தில் பின்னங்களைப் படித்தவர்கள்தான். 2இல் 1, 4இல் 1, 8இல் 1 என்றெல்லாம் ஒப்புவிப்பார்கள். ஆனால் அந்த எண்கள் தங்களுடைய காணியும் வீடும் பற்றியவை என்பது மனதில் பட்டிருக்கவில்லை.

பெண்ணே சொத்தாக இருந்த காலம்

ஜாஹிலிய்யா காலத்து அரபிகளிடம் பெண்ணுக்கு வாரிசுரிமை கிடையாது. வாள் ஏந்திப் போரிடுகிறவனுக்கே சொத்து என்பது அவர்களது நியாயம். அதைவிடக் கொடுமை, கணவன் இறந்தால் அவனுடைய விதவையையும் ஆடு ஒட்டகங்களோடு சேர்த்து வாரிசுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். பெண் வாரிசாக இருக்கவில்லை. வாரிசுக்குரிய பொருளாக இருந்தாள். சூரா அந்நிஸாவின் 19ஆம் வசனம் இந்த வழக்கத்தைத் தடை செய்தது. அதே சூராவின் 7ஆம் வசனம், பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு இருப்பது போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு, அது சிறிதானாலும் பெரிதானாலும் விதிக்கப்பட்ட பங்கு என்று தெளிவாக்கியது.

உஹத் யுத்தத்தில், ஹிஜ்ரி 3இல், ஸஃது இப்னு ரபீஉ (ரழி) அவர்கள் ஷஹீதானார்கள். அவருடைய மனைவி இரண்டு பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பிள்ளைகளின் வாப்பாவுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார். சொத்து இல்லாவிட்டால் இந்தப் பெண்களை யாரும் மணமுடிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இருக்கிறது.

வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பிள்ளைகள் இருவருக்கும் 3இல் 2 பங்கையும், அவர்களின் தாய்க்கு 8இல் 1 பங்கையும் கொடுக்கச் சொன்னார்கள். எஞ்சியது அவருக்கு. மொத்தத்தை 24 ஆகப் பிரித்தால் பெண் பிள்ளைகளுக்கு 16, தாய்க்கு 3, சகோதரருக்கு 5. முழுவதையும் கையில் வைத்திருந்தவருக்கு 24இல் 5தான் மிஞ்சியது. ஒரு விதவைத் தாய் துணிந்து போய்க் கேட்டதனால் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் நியாயம் பிறந்தது.

இந்தப் பங்குக்கு எந்த நிபந்தனையும் வைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மணமானவளா, குமரா, விதவையா, தலாக் ஆனவளா என்று ஷரீஅத் கேட்கவில்லை. மணம் முடித்தாலும் அவளது சொத்து அவளுடையதே, கணவனுக்குக் கைமாறாது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் முழு உரிமையோடு வைத்துக்கொள்வதற்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் கண்ட ஒரு கதை

இவ்வளவும் கிதாபில் இருக்கிறது. ஊரில் எப்படி இருக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் படிப்பித்துக்கொண்டிருந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது 31 வயது. 4 வயதில் உம்மா மவுத்து. தையல்காரரான வாப்பா மறுமணம் செய்யாமல் வளர்த்தார். அவரும் மவுத்தாகும்போது வாடகை வீடும் ஒரு தையல் இயந்திரமும்தான் மிச்சம். தூரத்து உறவான ஒரு மாமியோடு இருந்துகொண்டு, பாடசாலைச் சீருடையும் அபாயாவும் தைத்துச் சீவியம் நடத்தினார். பல சம்பந்தங்கள் வந்து, சீதனப் பேச்சு எடுத்ததும் திரும்பிப் போயின.

சீதனமே கேட்காமல் ஒருவர் மட்டும் கேட்டிருந்தார். தையல் இயந்திரம் திருத்துகிறவர். முஅத்தின் நானா மூலம், தனக்கு எதுவும் வேண்டாம், நிகாஹ் செய்து தந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமிக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. “ஒண்டும் கேக்காத மாப்பிளையா? அப்ப அவருல என்னமோ குறை இருக்கணும்” என்று ஒரு வருடமாகப் பதில் சொல்லாமல் இழுத்தடித்தார். சீதனம் கேட்பவனை நல்லவன் என்றும், கேட்காதவனைக் குறையுள்ளவன் என்றும் எண்ணும் நிலைக்கு நம் சமூகம் வந்திருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒருநாள் அந்தப் பெண் மாமியோடு என்னிடம் வந்தார். கையில் ஒரு தாள்.

“ஹஸரத், பெரிய மாமா இத்தின வருசத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாரு. பிஸ்கட் டின்னும் சாரியும் கொண்டு வந்தாரு. இந்தத் தாள்ல சைன் ஒண்டு வெச்சுத் தரட்டாம். வெக்கட்டா?”

தாளை வாசித்தேன். உம்மாவின் வாப்பா விட்டுச் சென்ற அரை ஏக்கர் தென்னங்காணியில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுப்பதாக இருந்தது. காணியை வாங்க ஒருவர் வந்திருக்கிறார். உறுதியைப் பார்த்த நொத்தாரிசு, காணி இன்னும் மூத்தவருடைய பெயரில்தான் இருக்கிறது, வாரிசுகள் எல்லோரும் ஒப்பமிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வாரிசுகளில் ஒருவர் இந்தத் தையல்காரப் பெண்!

“எனக்குக் காணியா?” என்று அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. 27 ஆண்டுகளாகத் தனக்குச் சொந்தமாக இருந்த காணியைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்.

கணக்கு

வாசிக்கும் சகோதரிகள் பின்னங்களைக் கண்டு பயந்து இந்தப் பகுதியைத் தாண்டிவிடக் கூடாது. சீட்டுப் பணக் கணக்குப் பார்க்கிற உங்களுக்கு இது பெரிய வேலையில்லை.

காணி அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச்சஸ். மூத்தவர் மவுத்தாகும்போது அவருடைய மனைவி உயிரோடு இல்லை. கடனும் வஸிய்யத்தும் இல்லை. 2 ஆண் மக்கள், 1 பெண் மகள். ஆணுக்கு 2, பெண்ணுக்கு 1 என்ற கணக்கில் 5 பங்கு. ஆண் மக்களுக்குத் தலா 32 பேர்ச்சஸ், மகளுக்கு 16.

அந்த மகள்தான் இந்தப் பெண்ணின் உம்மா. அவர் மவுத்தானபோது அவரது 16 பேர்ச்சஸ் பிரிகிறது. பிள்ளை இருப்பதால் கணவனுக்கு 4இல் 1: 4 பேர்ச்சஸ். ஒரே மகளுக்கு 2இல் 1: 8 பேர்ச்சஸ். எஞ்சிய 4 பேர்ச்சஸ் சகோதரர் இருவருக்கும் தலா 2.

பிறகு வாப்பா மவுத்தானார். அவருடைய 4 பேர்ச்சஸில் மகளுக்குப் பாதி, 2. மீதி 2 பேர்ச்சஸ் வாப்பாவின் ஒரே சகோதரருக்கு.

ஆக, மாமாமார் இருவருக்கும் தலா 34 பேர்ச்சஸ், இந்தப் பெண்ணுக்கு 10, சாச்சாவுக்கு 2. கூட்டிப் பாருங்கள், 80 சரியாக வரும். பெண்ணுக்கு எப்போதும் ஆணின் பாதிதான் என்று நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உம்மாவின் சொத்தில் மகளுக்கு 8, ஆண்களான மாமாமாருக்குத் தலா 2தான். யார் யாருக்கு எந்த உறவு என்பதைப் பொறுத்தே பங்கு அமைகிறது. சகோதரனுக்கு இரு பங்கு கிடைக்கும் இடத்திலும் மஹரும் குடும்பச் செலவும் அவன் தலையில்தான் இருக்கின்றன. பெண்ணின் பங்கில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை.

பெரிய மாமா என்னிடம் வந்து வாதாடினார். “ஹஸரத், தங்கச்சியக் கட்டிக் குடுக்கக்குள்ள நகையும் காசும் குடுத்தோமே, அதுதானே அவட பங்கு?” என்றார். தந்தை உயிரோடு இருக்கும்போது மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு; அவர் மவுத்தான பிறகு அல்லாஹ் கொடுப்பது பங்கு. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறுக்க முடியாது என்றேன். “உங்களுக்குக் கடை வைக்க உங்க வாப்பா முதல் தந்தாரே, அதையும் உங்க பங்கில் கழிப்போமா?” என்று கேட்டதும் மௌனமானார். சின்ன மாமா நல்லவர். “நானா, எத்தீம் பிள்ளைட ஹக்கு நமக்கு வேணாம்” என்று முடித்துவைத்தார். அளவையாளரைக் கூட்டி வந்து, ரோட்டோர மூலையில் 10 பேர்ச்சஸ் தனியாகப் பிரித்தார்கள்.

பத்துப் பேர்ச்சஸ் பெண்

செய்தி ஊருக்குள் பரவ அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரமே போதுமாக இருந்தது. ஒரே மாதத்தில் மூன்று சம்பந்தங்கள். முன்பு சீதனம் போதாது என்று திரும்பிப் போன ஒரு வீட்டாரும் அதில் அடக்கம். கலியாணப் புரோக்கர் அவருடைய பெயரையே மறந்துவிட்டு, ‘அந்த ரோட்டோரத்துப் பத்துப் பேர்ச்சஸ் பிள்ளை’ என்று சொல்லத் தொடங்கினார். மாமியும் ஒவ்வொருவருக்கும் தேநீர் ஊற்றிக் களைத்துப் போனார்.

இதில் ஒரு வேடிக்கை. இயந்திரம் திருத்துகிற அந்த மாப்பிள்ளை, முஅத்தின் நானாவிடம் வந்து தன் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டார்! காணிக்காகத்தான் கேட்டேன் என்று ஊர் பேசும், அந்தப் பேச்சு அவருக்கும் எனக்கும் வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். கதைகளில் சொத்தைக் கண்டு ஓடி வருகிறவர்கள்தான் உண்டு. இவர் சொத்தைக் கண்டு ஓடிப்போனார்.

பெண்ணுக்குச் செய்தி எட்டியதும் மாமியை என்னிடம் அனுப்பினார். மாமி வெட்கப்பட்டுக்கொண்டே சொன்ன செய்தி இதுதான்: “அவரு அவளக் கேட்டாரா, அவட இல்லாமையக் கேட்டாரா எண்டு கேக்கச் சொல்றா, ஹஸரத்.”

நான் அப்படியே போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கதீஜா (ரழி) அவர்கள் செல்வமுள்ள வணிகப் பெண்மணி என்பதையும், நபி (ஸல்) அவர்களிடம் முதலில் பேச்சு அனுப்பியது அந்த அம்மையார்தான் என்பதையும் நினைவூட்டினேன். பெண்ணிடம் சொத்து இருப்பது ஆணுக்கு இழுக்காக இருந்தால் அந்த நிகாஹ் நடந்திருக்காது. அவருடைய பொருள் அவருடையது, அதில் நீங்கள் கைவைக்காதிருந்தால் ஊர் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்றேன். “அப்ப மஹர் நான் நல்லாக் குடுக்கணும், ஹஸரத்” என்றார். சேர்த்து வைத்திருந்த காசில் 2 பவுண் வாங்கினார்.

நிகாஹுக்கு வலி வேண்டுமே! வாப்பாவும் வாப்பாவின் வாப்பாவும் இல்லை. சகோதரர்களும் இல்லை. அடுத்தவர் சாச்சா. காணியில் 2 பேர்ச்சஸ் உரியவரும் அதே சாச்சாதான். ஆண்டுக்கணக்காகத் தொடர்பு இல்லாமல் வேறு மாவட்டத்தில் குடியேறியிருந்தவரைத் தேடிப் பிடித்தோம். ஏதோ கடன் பிரச்சினை என்று பயந்துகொண்டே வந்தவர், சங்கதி தெரிந்ததும் அழுதுவிட்டார். நிகாஹ் மஜ்லிஸில் வலியாக இருந்து கைப்பிடித்துக் கொடுத்தார். பிறகு, தன் 2 பேர்ச்சஸையும் பெண்ணுக்கு அன்பளிப்பாக உறுதி முடித்துக் கொடுத்தார். நானாவின் மகளை இத்தனை காலமும் பார்க்காதிருந்ததற்கு இதுகூடப் போதாது என்றார்.

இப்போது அந்த 12 பேர்ச்சஸில் ஒரு சிறிய வீடும் தையல் கடையும் இருக்கின்றன. உறுதி அவருடைய பெயரில்தான் இருக்கிறது. கணவர் முன்பக்கத்தில் இயந்திரம் திருத்துவதற்கு இடம் எடுத்திருக்கிறார். மாதாமாதம் வாடகை கொடுக்கிறாராம். அந்த வாடகை மீன் வாங்கத் திரும்பவும் அவரிடமே வந்து சேர்ந்துவிடுகிறது என்று மாமி சிரித்துக்கொண்டு சொன்னார்.

உங்கள் வீட்டில்

சகோதரிகளே, இந்தக் கதை நல்லபடி முடிந்தது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் நொத்தாரிசு உறுதியைக் கவனமாகப் பார்த்திராவிட்டால்? அந்தத் தாளை என்னிடம் கொண்டு வராமல், மாமா கேட்கிறாரே என்று ஒப்பமிட்டிருந்தால்? அவருக்கு வந்தது திடீர்ச் சொத்து அல்ல. 27 ஆண்டுகளாக இருந்த உரிமையை யாரும் சொல்லாததால்தான் அது திடீரென்று வந்ததைப் போல ஆயிற்று.

இந்நாட்டில் மரணசாசனம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படி பிரிய வேண்டும் என்று 1931ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும் ஒன்றாக நிற்கும் இடம் இது. எனவே,

ஒரு ஜனாஸா நடந்த வீட்டில், கத்தம் ஓதுவதா இல்லையா என்று தர்க்கிப்பதற்கு முன்னால், மவுத்தானவருடைய கடன் என்ன, வஸிய்யத் என்ன, வாரிசுகள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த மரணம் நிகழ்வதற்கு முன் பிரித்து முடியுங்கள். பிந்தப் பிந்தக் கணக்கும் சிக்கலாகும், மனமும் கசக்கும்.

வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள். கேட்பவர் உடன்பிறந்த நானாவாக இருந்தாலும் சரி. விட்டுக்கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம், அதற்கு நன்மையும் உண்டு. ஆனால் தன் பங்கு எவ்வளவு என்று அறிந்து, கைக்கு வந்த பிறகு, மனம் விரும்பிக் கொடுப்பதுதான் விட்டுக்கொடுப்பு. வெட்கத்தாலும் பயத்தாலும் ஒப்பமிடுவது விட்டுக்கொடுப்பு ஆகாது.

உம்மாமார் தங்கள் ஆண் மக்களுக்குச் சிறு வயதிலேயே சொல்லி வளர்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: ‘இந்த வீட்டில் உன் ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் ஹக்கு இருக்கிறது.’ அதே மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது, அந்த வீட்டில் என்ன தருவார்கள் என்று கேட்காமலும் இருங்கள்.

பங்கு பிரிக்கும் இடத்தில் உரிமையில்லாத உறவினரும் எத்தீம்களும் ஏழைகளும் வந்திருந்தால் அவர்களுக்கும் ஏதேனும் கொடுத்து, அன்பாகப் பேசி அனுப்பும்படி அதே சூராவின் 8ஆம் வசனம் பணிக்கிறது. பங்கு இல்லாதவருக்கே இவ்வளவு கரிசனை காட்டச் சொன்ன மார்க்கத்தில், பங்குள்ள பெண்ணை மறைத்துவிட்டுக் காணி விற்பது எவ்வளவு பெரிய அநியாயம்! உங்கள் குடும்பத்தில் பிரிக்கப்படாமல் கிடக்கும் காணி ஏதும் உண்டா என்று இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். உண்டென்றால், ஊரிலுள்ள பறாயிழ் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் கணக்கைக் கொண்டு போங்கள்.